சோலை மேல்மண்: எடுத்து வைத்துத் திரும்பப் போட்டால் மண் திரும்புமா?

#1 தொட்டபெட்டா மேகம்

வணக்கம். நீலகிரியில் சோலையை, அதாவது மேல்மலையின் பசுமைமாறாக் காட்டை, ஒட்டிய பட்டா நிலங்களைச் சமன் செய்து விடுதி, வீடு, காய்கறித் தோட்டம் என்று மாற்றும்போது திட்ட அறிக்கையில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைப்போம், வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புவோம், ஆகவே மண்வளம் கெடாது என்கிற வரி.

இது எவ்வளவு தூரம் நிற்கும்? உண்மையில் எது போகிறது, அதை எப்படி அளப்பது? மண்வள அட்டையைப் பார்த்தால் நிலம் திருத்துவதற்கு முன்பும் பின்பும் அங்ககக் கரிமம் "அதிகம்" என்றே வருகிறது. அதைக் காட்டியே ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 சோலைமண்

அட்டையிலிருந்தே தொடங்கலாம். மண்வள அட்டையின் அளவுகோல் வயலுக்காக வகுத்தது. அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேலே அதிகம். மேல்மலையில் கலையாத சோலை மண்ணின் முதல் 15 செ.மீ.யில் 5, 6 சதவீதம் சாதாரணமாக இருக்கும். அது 1 சதவீதத்துக்கு இறங்கினாலும் அட்டையில் "அதிகம்"தான். ஆறில் ஐந்து பங்கு போனதை அந்த அட்டையால் காட்ட முடியாது.

ஆய்வுக்கூடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கரிமத்தை அளக்கும் வாக்லி-பிளாக் முறையில் 1 கிராம் மண்ணுக்கு 10 மி.லி. 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். கணக்குப் போட்டால் அந்த டைகுரோமேட் முழுவதும் தீர்ந்தாலும் காட்டக்கூடிய உச்சம் 3.9 சதவீதம். நம்பக்கூடிய எல்லை அதற்கும் கீழே, 3 சதவீதம் அளவில். 6 சதவீதச் சோலை மண்ணைக் கொடுத்தால் கந்தக அமிலம் ஊற்றியதும் கரைசல் ஆரஞ்சிலிருந்து நேராகப் பச்சைக்குப் போய்விடும். அப்போதே நிறுத்தி, 0.2 அல்லது 0.1 கிராம் மண்ணில் மறுபடி செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் "முன்பு" அளவு குறைத்தே பதிவாகும், இழப்பு சிறிதாகத் தெரியும். மாதிரி கொடுக்கும்போதே "காட்டு மண், எடையைக் குறைத்துச் செய்யவும்" என்று பையின் மேல் எழுதிக் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஆழத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது. ஒரு கணக்கு:

முன்பு: 30 செ.மீ. ஆழம், பரும அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) 0.8, கரிமம் 5 சதவீதம். ஒரு ஹெக்டேரில் மண் 2,400 டன், கரிமம் 120 டன்.
பின்பு: அதே 30 செ.மீ., இயந்திரம் ஏறி இறுகியதால் பரும அடர்த்தி 1.2, கரிமம் 3.5 சதவீதம். மண் 3,600 டன், கரிமம் 126 டன்.

கரிமம் கூடிவிட்டதாகக் கணக்கு சொல்கிறது! உண்மையில் நடந்தது என்ன? மண் அமுங்கியதால், முன்பு 30 செ.மீ.க்குக் கீழே கிடந்த அடிமண்ணும் இப்போது அளவுக்குள் வந்துவிட்டது. ஒப்பிட வேண்டியது ஒரே எடை மண்ணை. இறுகிய நிலத்தில் 2,400 டன் என்பது மேல் 20 செ.மீ.யிலேயே முடிந்துவிடும். அதில் இருப்பது 84 டன்தான். 36 டன் போயிருக்கிறது. "மண்வளம் பாதிக்கவில்லை" என்று எண்ணோடு வரும் அறிக்கையில் நான் முதலில் தேடுவது பரும அடர்த்தியைத்தான். அந்தப் பத்தி இல்லையென்றால் மற்ற எண்களுக்கு மதிப்பில்லை.

#3 கட்டுமானி

கட்டுமானப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மேல்மண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் விருப்பம் என்பதற்கே இடமில்லை. கரிமம் நிறைந்த மண் பாரம் தாங்காது. மட்க மட்க அமுங்கும், தளம் வெடிக்கும். கட்டடம் நிற்கும் இடத்தில் அடிமண்ணை உருளை போட்டு இறுக்கத்தான் வேண்டும். அந்த இறுக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

மலையில் கெடுதல் நடப்பது வேறு இடத்தில். மேல்பக்கம் வெட்டி, வெட்டிய செம்மண்ணை அப்படியே கீழ்ச்சரிவில் தள்ளிவிடுகிறார்கள். கீழே இருந்த கருப்பு மேல்மண், புல், சருகு எல்லாம் அகற்றப்படாமல் நிரப்பு மண்ணுக்கு அடியில் புதைந்துவிடும். அந்தக் கரிய அடுக்கு மட்கும், நீரைத் தேக்கி வைக்கும், வழுக்கும். அடைமழையில் மேலே இருக்கும் மண் முழுவதும் அதன்மேல் சறுக்கிக்கொண்டு போகும். சரிந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் செம்மண்ணுக்கு அடியில் பழைய புல்தரை ஒரு கருங்கோடாகத் தெரியும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதற்கு முன் 1978, 1979, 1993 என்று வரிசையாக நிலச்சரிவுகள். எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் சரிவை வெட்டிக் கொட்டிய இடம், வடிகால் அடைபட்ட இடம் இரண்டும் ஒவ்வொரு முறையும் பட்டியலில் இருக்கும்.

நிரப்பியே ஆக வேண்டும் என்றால்: கீழ்ச்சரிவிலும் மேல்மண்ணை முழுவதும் வழித்தெடுத்து, அடிமண்ணில் படிபோல் வெட்டி, ஒவ்வொரு 20 செ.மீ. அடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். அடியில் கல் நிரப்பிய வடிகால் வேண்டும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லி அடுக்கும், சுவரில் கசிவுத் துளைகளும் வேண்டும். துளையை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் களிமண்ணைத் திணித்தால் துளை ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும்.

#4 சோலைமண்

கட்டுமானி ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். கட்டடம் நிற்பது 5 சென்ட். இயந்திரம் ஓடுவது 20 சென்ட். இறுக்கம் தேவைப்படாத அந்த 15 சென்ட்தான் நம்முடைய பேச்சு.

சக்கர ஜேசிபி ஒன்றே ஏழெட்டு டன். சங்கிலி வண்டி 20 டன். இறுக்கத்தின் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. "கொஞ்சம்தான் ஓட்டினோம்" என்பதற்கு மண்ணில் பொருளில்லை. அதுவும் ஈரமண்ணில் ஓட்டினால் 30, 40 செ.மீ. ஆழம் வரை பாதிப்பு இறங்கும். மலையில் அந்த ஆழ இறுக்கம் தானாகத் தளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நீர்க்கணக்கு: பரும அடர்த்தி 0.7 உள்ள சோலை மண்ணில் ஏறக்குறைய 74 சதவீதம் வெற்றிடம். அது 1.4 ஆனால் 47 சதவீதம். 30 செ.மீ. ஆழத்தில் 27 சதவீதம் என்பது 81 மி.மீ. மழை தங்கும் இடம். ஒரு ஏக்கருக்கு சுமார் 3.3 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 27 நடை. முதலில் மூடுவது பெரிய துளைகள். மண்புழு போட்ட வழி, செத்த வேரின் குழாய் இவைதான் மழையை வேகமாக உள்ளே இழுப்பவை. அவை போனால் மீதி வெற்றிடம் இருந்தும் மழைக்கு வாசல் இல்லை.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது. சராசரியாகவே மணிக்கு 33 மி.மீ. கலையாத சோலைத் தரை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் நீரை உள்வாங்கும். இறுகிய செம்மண் தரையில் மணிக்குச் சில மி.மீ. இறங்கினாலே அதிகம். மீதி அத்தனையும் சரிவில்தான் ஓடும்.

#5 மண்புழு

மேல்மலை மண்ணைப் பற்றி ஒரு தனிச்செய்தி சொல்ல வேண்டும். நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கருப்பு மண்ணில் ஒரு பகுதி ஆண்டிசால் வகையில் வருகிறது. அந்த வகை பொதுவாக எரிமலைச் சாம்பலில் உண்டாவது. இங்கே எரிமலை இல்லை. சார்னோகைட் பாறை நெடுங்காலம் சிதைந்து செம்பொறை மண்ணாகி, அதில் வந்த அலுமினியமும் இரும்பும் மட்கோடு பிணைந்து உண்டானது. கரிமம் இவ்வளவு தங்கியிருப்பது அந்தப் பிணைப்பால்தான்.

கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒரு சிட்டிகை மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தித் தேய்த்தால், முதலில் உருண்டையாக நிற்கும். அழுத்தம் கூடியதும் சட்டென்று வழுக்கி நீர்விடும். களிமண் போல ஒட்டாது. காய்ந்ததும் காப்பித்தூள் போல உதிரும், எடையே இருக்காது.

இந்த மண்ணை வெட்டிக் குவித்து வெயிலில் காயவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒருமுறை நன்றாக உலர்ந்ததும் துகள்கள் இறுகி, மறுபடி நனைவதற்கே மறுக்கும். சோதிப்பது எளிது. உலர்ந்த மண்ணைத் தட்டில் பரப்பி ஒரு சொட்டு நீர் விடுங்கள். 5 வினாடிக்குள் உறிஞ்சினால் நல்லது. ஒரு நிமிடம் கழித்தும் சொட்டு முத்துப்போல மேலே நின்றால், அந்த மண்ணை அப்படியே சரிவில் பரப்பக்கூடாது. முதல் மழையிலேயே மிதந்து போய்விடும். எடை குறைந்த மண் என்பதால் நீர் அதைத் தூக்கிச் செல்வதும் எளிது.

சுண்ணாம்பு போடுவதிலும் கவனம் வேண்டும். சோலை மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5. அதைப் "புளிப்பு" என்று குறையாகக் கருதி 6.5க்கு ஏற்றினால் கரிமத்தைப் பிடித்து வைத்த அலுமினியப் பிணைப்பு தளரும், நுண்ணுயிர்கள் மட்கை வேகமாகத் தின்று தீர்க்கும். உருளைக்கிழங்குக்கு வேண்டுமானால் அளவோடு போடலாம். சோலை மரம் வளர்க்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கட்டுமான இடத்தில் கான்கிரீட் கலவை கழுவும் நீரும் இதே வேலையைச் செய்யும், அதன் பி.எச். 12ஐத் தொடும். கழுவுவதற்குத் தனிக்குழி, குழிக்குத் தார்ப்பாய்.

#6 தேயிலைக்கொழுந்து

கட்டடத்தை மட்டும் சொல்லாதீர்கள். பரப்பளவில் பார்த்தால் மேல்மண்ணைப் பெரிதாக மாற்றியது தோட்டங்கள்தான். ஆனால் எல்லாத் தோட்டமும் ஒன்றல்ல.

மூடிய தேயிலையில் அரிப்பு குறைவு. வாது வாதைத் தொட்டுக்கொண்டு தரை தெரியாமல் நிற்கும், கவாத்து இலை தரையில் விழும். ஆபத்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். காட்டை வெட்டி, வேர் தோண்டி, செடி நட்டு, செடிகள் சேர்ந்து மூடும் வரை தரை திறந்து கிடக்கும். அந்த இடைவெளியில் போகும் மண்தான் அதிகம். 1 மி.மீ. கனம் போனாலே ஹெக்டேருக்கு 10 டன் அளவு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநடவில் கௌதமாலா புல்லை 18 முதல் 24 மாதம் வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே போட்ட பிறகு தேயிலை நடுவது இலங்கை மலையகத்திலும் இங்கும் தெரிந்த முறை. மானாப்புல்லையும் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். அந்த இரண்டு ஆண்டு வருமானம் இல்லை என்பதால் பலர் தவிர்க்கிறார்கள். தவிர்த்த நிலத்தில் செடி பொக்கை விழுந்து, மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டிவருகிறது.

காய்கறி நிலம் வேறு கதை. உருளைக்கிழங்கு, கேரட் இரண்டும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மண்ணைப் புரட்டிப் போடும் பயிர். பார் சரிவை நோக்கி ஓடினால் ஒவ்வொரு பாரும் ஒரு வாய்க்கால். படித்தளம் உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், 100க்கு 2.5 போதும். வெளிநோக்கிச் சாய்ந்த படித்தளம் இல்லாததற்குச் சமம். குந்தா அணையில் சேர்ந்திருக்கும் வண்டல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இது விளங்கும்.

#7 காட்டுப்பூவரசு

தேயிலைக்கொழுந்து சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். காடு வளர்ப்பதும் நில மாற்றம்தான், புல்வெளியில் செய்தால். மேல்மலையில் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததே இயற்கை. அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்துக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பைனும் நட்டார்கள். புல்வெளியின் கருப்பு மண்ணிலும் சோலைக்கு ஈடான கரிமம் இருக்கும். சாண்டிநல்லா போன்ற பள்ளங்களின் கரிச்சதுப்பில் 20,000 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கரிமம் கிடக்கிறது. பள்ளத்தை மண் கொட்டி மேடாக்குவதும், நடுவே வாய்க்கால் வெட்டி வடிப்பதும் அந்தக் கரிமத்தைக் காற்றில் விடும் வேலை. நீர் இறங்கியதும் சதுப்பு மண் மட்கத் தொடங்கும், பிறகு திரும்ப நீர் கட்டினாலும் போனது வராது.

கற்பூர மரத்தின் நீர்க்குடி பற்றி அளவீடே இருக்கிறது. உதகையில் 1954 முதல் இயங்கும் மண், நீர்ப்பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தது. புல்வெளியில் கற்பூர மரம் நட்ட பகுதியில் முதல் சுற்றிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது.

#8 கோத்தகிரி மழை

> மேல்மண்ணைத் தனியே எடுத்து வைப்போம், திரும்பப் பரப்புவோம்

முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லையே. சேமிப்பு வேலை செய்யுமா, செய்யாதா? மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜரா என்கிற மரக்காட்டில் பாக்சைட் எடுத்த பிறகு மேல்மண்ணைத் திரும்பப் போட்டுக் காட்டையே மீட்கிறார்கள் என்று படித்தேன். அங்கே முடிந்தால் இங்கே ஏன் முடியாது?

#9 காட்டுப்பூவரசு

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

ஜராவில் வெற்றி கிடைத்தது சேமித்த மண்ணால் அல்ல, சேமிக்காத மண்ணால். ஓர் இடத்தில் வழித்த மேல்மண்ணை, தயாராக இருக்கும் இன்னோர் இடத்தில் உடனே பரப்புகிறார்கள். குவித்து வைத்துப் பிறகு போட்ட மண்ணில் முளைக்கும் செடிவகைகள் கணிசமாகக் குறைகின்றன. விதைகளில் பெரும்பகுதி மேல் 5 செ.மீ.யில்தான் இருக்கும். வழிக்கும்போது ஆழமாகப் போனால் அந்த 5 செ.மீ. விதை 30 செ.மீ. மண்ணில் கலந்து, புதைந்து, முளைக்காமலே போகும்.

இரண்டாவது, ஜரா தீயோடு வாழும் காடு. அங்கே பல செடிகளின் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். சோலை அப்படியல்ல. நாவல் இனங்கள், லாரல் குடும்ப மரங்கள் இவற்றின் விதை ஈரமாக விழுந்து, சில வாரங்களில் முளைக்கும் அல்லது செத்துவிடும். சோலை மேல்மண்ணைக் கொண்டுபோய்ப் போட்டால் சோலை மரம் முளைக்காது. ஓரத்து மண்ணாக இருந்தால் முளைப்பது உண்ணிச்செடியும் கிக்குயு புல்லும் சீகையும். சீகை விதை மட்டும் மண்ணில் பல ஆண்டு தாங்கும். ஆகவே சோலைக்கு மேல்மண் என்பது விதைப்பெட்டி அல்ல. அது பூசணமும் மண்புழுவும் குருணையமைப்பும். மரம் நாற்றங்காலிலிருந்துதான் வர வேண்டும்.

குவியலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே காற்று போகாது. ஈரமாகக் குவித்திருந்தால் சில வாரத்திலேயே சாக்கடை வாடை வரும். அங்கே தழைச்சத்து அம்மோனியமாகச் சேர்ந்து நிற்கும். குவியலைப் பிரித்துப் பரப்பியதும் அது வேகமாக நைட்ரேட்டாகி முதல் மழையில் கழுவிப் போய்விடும். வேருக்குள் வாழ்ந்து செடிக்குச் சத்தை ஏற்றித் தரும் வேர் உட்பூசணம், உயிருள்ள வேர் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்காது. மண்புழு செத்துவிடும் அல்லது ஓடிவிடும். கலைந்த நிலத்தில் பிறகு குடியேறுவது பெரும்பாலும் பான்டோஸ்கோலெக்ஸ் என்கிற வெளிநாட்டுப் புழு. அது போடும் எச்சம் கட்டியாக இறுகும், நம் சோலைப் புழு போலக் குருணையாக உதிராது.

செய்வதென்றால் இப்படி.

காலம்: ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. மண்ணை உள்ளங்கையில் பிடித்து உருட்டினால் திரி போல நீளக்கூடாது, உடைய வேண்டும். திரி நீண்டால் ஈரம் அதிகம், அன்று வேலை வேண்டாம். முற்றிலும் காய்ந்து தூசி பறந்தாலும் வேண்டாம், 'மண்புழு' என்ற பெயரில் எழுதும் நண்பர் #5இல் சொன்ன காரணத்தால்.

சருகுப் படுக்கையை முதலில் கையால் வாரித் தனிச்சாக்கில் கட்டுங்கள். பிறகு கருப்பு அடுக்கை மட்டும் வழிக்க வேண்டும். ஆழத்தை வரைபடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து அடிக்கு ஒரு சோதனைக்குழி போட்டு, கருப்பு எங்கே செம்மைக்கு மாறுகிறதோ அங்கே ஆணி அடித்துக் குறி வையுங்கள். மேட்டில் 15 செ.மீ.யிலும் பள்ளத்தில் 60 செ.மீ.யிலும் மாறும். ஒரே ஆழத்துக்கு ஓட்டினால் மேட்டில் செம்மண் கலந்துவிடும், பள்ளத்தில் நல்ல மண் நின்றுவிடும். கலந்த செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட் எவ்வளவு போட்டாலும் செடிக்குக் கிடைக்காமல் இலை ஊதா நிறமாகும்.

வண்டி கருப்பு மண்ணின் மேல் ஏறவே கூடாது. வழித்த செம்மண் தரையில் நின்றுகொண்டு, கையை நீட்டிப் பின்னோக்கி வழித்துக்கொண்டே போக வேண்டும். பற்கள் இல்லாத வாளியைப் போடுங்கள். சரிவான இடத்தில் ஆளை வைத்து மண்வெட்டியால் எடுப்பது மேல். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இடக்கணக்கு: 10 சென்ட், சராசரி 20 செ.மீ. ஆழம் என்றால் 81 கன மீட்டர். தோண்டியதும் உப்பி 100 கன மீட்டர் ஆகும், 35 யூனிட். குவியல் 1.5 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. ஆகவே பக்கச்சரிவையும் சேர்த்து 2 சென்டுக்கு மேல் இடம் அதற்கு மட்டும் வேண்டும். இந்த இடத்தைத் திட்டத்திலேயே ஒதுக்காவிட்டால் என்ன நடக்கும்? வேலை தொடங்கிய வாரத்திலேயே குவியல் 4 மீட்டர் உயரமாகும், மேலே கம்பியும் செங்கலும் இறங்கும். சேமிப்பு தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், அறிவியல் அல்ல.

குவியலைச் சுற்றி மேல்பக்கம் ஒரு சிறு வாய்க்கால், கீழ்ப்பக்கம் கல்வரிசை. அன்றே சணப்பு அல்லது ஓட்ஸ் விதைத்துவிடுங்கள். உதகை குளிருக்கு ஓட்ஸ் பொருந்தும், கீழே குன்னூர் பக்கம் சணப்பு. உயிர்வேர் இருந்தால் பூசணம் பிழைக்கும். ஆறு மாதத்துக்குள் திரும்பப் பரப்ப வேண்டும்.

#10 கட்டுமானி

பரப்பும்போது செய்யும் தவறையும் சொல்லிவிடுகிறேன். இறுகிய செம்மண் தளத்தின்மேல் மேல்மண்ணைக் கம்பளம்போல விரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நீர் தேங்கி, மேல்மண் முழுதாக வழுக்கி இறங்கும். பரப்பும் முன் அடித்தளத்தை 45 செ.மீ. ஆழத்துக்குக் கொக்கிக் கலப்பையால் கீற வேண்டும், சமவரையில் மட்டுமே, காய்ந்திருக்கும்போது மட்டுமே. ஈரத்தில் கீறினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரிதான், பிளவு விழாது. 3க்கு 1 என்பதைவிடச் செங்குத்தான சரிவில் மேல்மண் பரப்பவே வேண்டாம், அங்கே வெட்டிவேர் வரிசையும் கல்கட்டும்தான் நிற்கும்.

#11 மண்புழு

அளவீட்டுக்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பாதி வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

பரும அடர்த்திக்கு 5 செ.மீ. உள்விட்டம், 5 செ.மீ. உயரம் உள்ள இரும்புக் குழாய்த்துண்டு, ஒரு முனையை வெளிப்பக்கம் அராவிக் கூராக்கியது. கொள்ளளவு 98 கன செ.மீ. சருகை ஒதுக்கிவிட்டு, மேலே மரக்கட்டை வைத்து மெதுவாக அடித்து இறக்குங்கள். குழாய்க்குள் மண் அமுங்கினால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். சுற்றித் தோண்டி எடுத்து, இரண்டு முனையையும் கத்தியால் வழித்துவிட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். 69 கிராம் என்றால் 0.70. 137 என்றால் 1.40. ஓரிடத்துக்கு ஐந்து மாதிரியாவது வேண்டும், காட்டு மண் அடிக்கு அடி மாறும்.

குருணைச் சோதனை: பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியை வடிகட்டியில் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சோலைக் குருணை அரை மணி கழித்தும் உருக்குலையாமல் இருக்கும். கலைந்த மண் ஒரு நிமிடத்தில் சேறாக உதிரும். தண்ணீர் கலங்குவதைப் பார்த்தாலே போதும்.

நீர் உட்புகும் வேகத்துக்கு 30, 60 செ.மீ. விட்டத்தில் இரண்டு வளையங்கள். சோலைக்குள் அளக்கப் போனால் குடத்துத் தண்ணீர் பத்தாது, 100 லிட்டராவது கொண்டுபோங்கள். வெளிவளையத்தில் நீர்மட்டம் குறைந்தால் உள்வளையத்து அளவு பொய்யாகும்.

இவற்றை எல்லாம் வேலை தொடங்கும் முன்பே எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். "முன்பு" எண் இல்லாமல் "பின்பு" எண்ணை வைத்து யாரையும் கேட்க முடியாது. நிலத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றால், அதே உயரம், அதே திசைச் சரிவு, அதே சாய்வு உள்ள பக்கத்துச் சோலையில் ஒப்பு மாதிரி எடுக்கலாம். மேல் முகட்டையும் கீழ்ப் பள்ளத்தையும் ஒப்பிட்டால் பயன் இல்லை.

#12 தொட்டபெட்டா மேகம்

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. ஏற்கெனவே 3 மீட்டர் உயரத்தில் எட்டு மாதமாகக் கிடக்கும் குவியல் என்றால் கைவிட வேண்டியதுதானா?

#13 காட்டுப்பூவரசு

கைவிட வேண்டாம், ஆனால் அதை மேல்மண் என்று நம்பியும் பரப்ப வேண்டாம். குவியலின் நடுவில் ஒரு ஆள் நுழையும் அகலத்துக்கு வெட்டிப் பாருங்கள். மேலிருந்து எவ்வளவு ஆழம் வரை கருப்பாக, வேரோடு, மண்வாசனையோடு இருக்கிறதோ அது ஒரு வகை. அதற்குக் கீழே நீலச்சாம்பல் பூத்து நாறும் பகுதி இன்னொரு வகை. இரண்டையும் பிரித்து எடுங்கள். நாறும் பகுதியை 30 செ.மீ. கனத்துக்கு நிழலில் பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டி ஒரு மாதம் காற்றாடவிட்டு, கீழ் அடுக்காகப் போடுங்கள். நிழல் முக்கியம், வெயிலில் காய்ந்தால் மறுபடி நனையாது. நல்ல பகுதியை அதன்மேல் 15 செ.மீ.யாவது பரப்பி, 5 செ.மீ. மட்கிய தொழுவுரமும் சருகும் மூடாக்காகப் போடுங்கள்.

நாற்றுப்பைக்கு மண் கலக்கும்போது பத்தில் ஒரு பங்கு உயிருள்ள சோலை மண் சேருங்கள், பூசணம் அதிலிருந்து வேருக்கு ஏறும். அதற்காகச் சோலைக்குள் போய்த் தோண்ட வேண்டாம். குவியலின் மேல் 20 செ.மீ.யில் செடி முளைத்துக் கிடக்கும் இடத்து மண்ணே போதும், உண்ணிச்செடியையும் சீகை நாற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டு.

காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) மரத்துக்கு மட்டும் அந்த மண் போதாது. அதன் வேரில் வாழும் பூசணம் வேறு வகை, இன்னொரு காட்டுப்பூவரசின் அடிமண்ணில் ஒரு கைப்பிடி வேண்டும். பக்கத்துப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தடியில் உரிமையாளரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நடவு ஜூன் முதல் வாரம், தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு. கோத்தகிரிப் பக்கம் என்றால் அக்டோபர்.